இல்லறத்தில் பொறுமை யாருக்குரிய அறம்?

பொறுமை சிறந்ததோர் அறம் என்பதில் ஐயமில்லை. ஆயின், இல்லறத்தில் அது கணவன் மனைவி இருவர்க்கும் பொதுவா, அன்றி ஒருவர் தலையில் மட்டும் ஏற்றப்பெறும் சுமையா என்பது நாம் ஆராயத்தக்க வினா. இவ்வினாவை வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தியது ஒரு தொலைக்காட்சி நாடகம்.

1984 ஜூலைத் திங்களில் தூர்தர்ஷன் 'ஹம் லோக்' என்னும் இந்தித் தொடரைத் தொடங்கிற்று. மனோகர் ஷியாம் ஜோஷி எழுத, பி. குமார் வாசுதேவ் இயக்கினார். 1985 டிசம்பர் வரை 150க்கு மேற்பட்ட பகுதிகள் ஒளிபரப்பாயின. தொடர் நாடகங்களின் வாயிலாக மக்களுக்கு நல்லறிவு புகட்டலாம் என்று மெக்சிகோவில் மிகுவேல் சபீதோ செய்து காட்டிய முறையே இதற்கு முன்மாதிரி. குடும்ப நலமும் பெண்களின் உயர்வும் இதன் நோக்கங்களுள் அடங்கும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, நேயர்களைச் சிந்திக்கத் தூண்டுவார்.

குடும்பத் தலைவர் பசேசர் ராம் குடிப்பழக்கத்துக்கு ஆட்பட்டவர். அவர் மனைவி பாக்வந்தியோ கணவனின் கடுஞ்சொல்லையும் மாமியாரின் ஏச்சையும் தாங்கிக்கொண்டு, அடுக்களையே உலகமென வாழ்பவள். அவளது நிலையைக் காண்போர், பெண்ணை இவ்வாறு நடத்துதல் தகாது என உணர்வர் என்பதே தொடரை வகுத்தோர் எண்ணம். ஆனால் பின்னர் நேயர்களிடையே நிகழ்த்தப்பெற்ற ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. எச்சரிக்கையாகப் படைக்கப்பட்ட அவளை, பெண்கள் உள்ளிட்ட பலரும் பின்பற்றத்தக்க இலட்சிய மனைவியாகவே கொண்டனர்!

இதனை நேயர்தம் அறியாமை என ஒதுக்கிவிடல் எளிது, அது நேர்மையன்று. அவர்கள் பாக்வந்தியிடம் தம் தாயைக் கண்டனர். அவள் வாழ்ந்த வாழ்வு தவறு என்றால், தம்மை வளர்த்த தாயின் வாழ்வே வீண் என்றாகிவிடுமோ என அவர்கள் உள்ளம் அஞ்சியிருக்கும். அந்த அச்சம் நமக்கும் உண்டு. ஆயினும், தாயை வணங்குவது வேறு. தாய் பட்ட துன்பத்தை வணங்குவது வேறு. முன்னது நன்றியறிதல். பின்னதோ, அத்துன்பத்தை நம் மகளுக்கும் சீதனமாகக் கொடுப்பதாகும்.

"விட்டுக்கொடுத்தல் இன்றிக் குடும்பம் நடக்குமோ?" எனச் சான்றோர் வினவலாம். நடவாதுதான். ஆனால், ஒறுக்கும் ஆற்றல் இருந்தும் ஒறுக்காதவரிடமே பொறுமை அறமாகிறது. போக்கிடம் அற்றவளின் மௌனம் பொறுமையன்று. அது வேறு வழியின்மை. வள்ளுவர் 'பொறையுடைமை'யைத் துறவறத்தில் வைக்கவில்லை, இல்லறவியலில் வைத்தார். இல்லறவியலோ இல்வாழ்வானை முன்னிறுத்தித் தொடங்குவது. எனவே, பொறுத்தல் மனைவியின் கடமை மட்டுமே எனல் அந்நூலின் அமைப்புக்கும் ஒவ்வாது.

அதே தொடரில் மூத்த மகள் படுகி பெண்கள் நலப் பணியில் ஈடுபட்டு, தன்னை விரும்பிய மருத்துவர் அசுவினியை மணக்கிறாள். அத்திருமணப் பகுதி ஒளிபரப்பான நாளில் வட இந்தியாவில் பல கடைகள் முன்னதாகவே மூடப்பட்டன என்று ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். தாயின் பொறுமையைப் போற்றிய மக்களே மகளின் மணத்தையும் தம் வீட்டு விழாவாகக் கொண்டாடினர். இதனை முரண்பாடு எனத் தள்ளிவிடாது, நம் நெஞ்சத்தின் உண்மை வேட்கை இது என்றே நாம் கொள்கிறோம். தாயை மதிக்கவும் வேண்டும்; மகள் வேறாக வாழவும் வேண்டும்.

இன்று நாடோறும் பல தொடர்கள் நம் இல்லம் புகுகின்றன. கண்ணீர் வடிக்கும் மனைவியைக் காணும்போதெல்லாம், 'இவளால் மறுக்க இயலுமா? இவள் கணவன் எதைப் பொறுத்தான்?' என்று கேட்கப் பழகுவோம். மணப்பெண்ணுக்கு நாம் வழிவழியாகச் சொல்லிவரும் "பொறுத்துப் போ" என்னும் அறிவுரையை மணமகனின் செவியிலும் ஓதுவோம். இருவரும் பொறுக்கும் இல்லத்தில்தான் பொறுமை அறமாக விளங்கும்.