வெட்டுப்புள்ளியும் கடைசி வாங்கும்

அநீதியை எதிர்த்துக் குரல்கொடுப்பவன், தன் கையிலுள்ள சிறிய அதிகாரத்தை எவ்வாறு பயன்படுத்துகின்றான் என்பது அறவியலின் கடினமான வினாக்களுள் ஒன்று. இலங்கையின் பல்கலைக்கழக அனுமதி வரலாற்றை அறிந்த ஆசிரியன் எவனும் இவ்வினாவிலிருந்து விலகி நிற்றல் இயலாது.

1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, ஏழையின் பிள்ளைக்கும் உயர்கல்வியின் வாயிலைத் திறந்தது. நாளடைவில் அவ்வாயிலை நாடி வந்தோர் தொகை பெருகியது. உள்ளேயிருந்த இடங்களோ அதற்கேற்பப் பெருகவில்லை. இந்நெருக்கடியிலேதான் 1971 ஆம் ஆண்டு அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தல் புகுந்தது. மருத்துவக் கல்விக்கு 400 புள்ளிகளுள் சிங்களமொழிமூல மாணவர் 229 பெறுதல் போதுமாயிருக்க, தமிழ்மொழிமூல மாணவர் 250 பெற வேண்டியிருந்தது. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இவ்விரண்டின் பின்னணியிலும் அரசியல் இருந்தது. எனினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. முன்னையது, மாணவன் எம்மொழியிற் பயின்றான் என்பதையே நோக்கிற்று. பின்னையது, அவன் எத்தகைய சூழலிற் பயின்றான் என்பதையும் நோக்க இடமளித்தது. அதனால் யாழ்ப்பாண மாணவர் இழப்புற்றனர். மன்னார், வவுனியா போன்ற மாவட்டங்களின் பிள்ளைகளுக்கோ ஒரு வழி பிறந்தது. மாவட்ட அடிப்படை இன்றும் நீடிக்கின்றது.

இனி வகுப்பறையை நோக்குவோம். வெட்டுப்புள்ளியின் அநீதியை ஆசிரியர் அறையிலே ஆவேசத்துடன் எடுத்துரைத்த அதே ஆசிரியன், மணியடித்ததும் வகுப்பிற்குச் சென்று முன்வாங்கிலிருப்போரைப் பார்த்தே பாடம் நடத்துகின்றான். காலையுணவின்றி நடந்துவந்து கடைசி வாங்கில் அமர்ந்திருப்பவனிடம் வினா எதுவும் கேட்கப்படுவதில்லை. பாடசாலையிற் பாதியில் விடப்பட்ட பாடம், மாலையிலே தனியார் கல்வி நிலையத்திற் பணம் பெற்று நிறைவுசெய்யப்படுகின்றது. இதுவும் ஒரு வெட்டுப்புள்ளியே. வர்த்தமானியில் வெளிவராத வெட்டுப்புள்ளி.

ஊதியம் போதாது, பாடத்திட்டம் பெரிது, வகுப்பில் மாணவர் தொகை மிகுதி என்று ஆசிரியன் கூறக்கூடும். இவை பொய்யல்ல. ஆசிரியனின் குறையும் அரசின் அநீதியும் ஒரே அளவின என்பதும் இங்கு வாதமன்று. ஒருவனுடைய குறை மற்றொன்றை நியாயப்படுத்தவும் மாட்டாது. ஆயினும், சூழலின் குறையை மாணவனின் குறையாகக் கருதலாகாது என்று அரசிடம் கேட்பவன், அதே கோரிக்கை தன் வகுப்பிலிருந்து எழும்போது செவிசாய்க்கக் கடமைப்பட்டவன். அரசின் கொள்கையை மாற்றுதற்குப் பல்லாண்டுப் போராட்டம் தேவைப்படலாம். கடைசி வாங்கிலிருப்பவனிடம் ஒரு வினாவைக் கேட்டு, அவன் விடைகூறும்வரை பொறுத்திருப்பதற்கு நாளைய முதற்பாடவேளையே போதும்.