அறிந்த வேதமும் வாழ்ந்த வேதமும்

வேதநூலை நன்கு கற்றவன் நல்ல கிறித்தவனாகவும் இருப்பான் என்று நாம் பொதுவாக எண்ணிக்கொள்கிறோம். கற்றலுக்கும் ஒழுகலுக்கும் இடையேயுள்ள தூரத்தை இவ்வெண்ணம் மறைத்துவிடுகிறது. அத்தூரம் எத்துணை கொடியதாக இருக்கக்கூடும் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவே சான்று.

ஜேர்மனியின் தியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஹார்ட் கிற்றெல் என்ற பேராசிரியர் இருந்தார். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் வரலாற்றையும் பொருளையும் ஆராயும் பேரகராதி ஒன்றைப் பதிப்பித்தவர் அவர். அதன் முதலாவது தொகுதி 1933இல் நிறைவெய்தியது. அன்பைக் குறிக்கும் ‘அகாப்பே’ என்னும் சொல்லுக்குரிய விரிவான கட்டுரை அத்தொகுதியிலேயே உண்டு. அதே ஆண்டில் அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். யூதருடைய குடியுரிமையைப் பறித்து அவர்களை அந்நியராகவே வைத்திருக்க வேண்டுமென மேடையேறி வாதித்தார். அவ்வுரையை நூலாகவும் வெளியிட்டார். அவருக்குத் தெரியாத வசனம் எது? அன்புக்கு உரியவர் யார், உரியவரல்லாதவர் யார் என்று எல்லை வகுக்கும் அதிகாரத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டார். எல்லை வகுப்பதற்கு அவருடைய புலமையே துணைநின்றது.

அக்காலத்திலேயே பிரான்சின் மலைநிலத்தில், லெ ஷம்போன் என்ற சிற்றூரில், வேறொரு வகைக் கிறித்தவர் வாழ்ந்தனர். பெரும்பாலோர் எளிய விவசாயிகள். 1685இல் தம் வழிபாடே தடைசெய்யப்பட்ட புரட்டஸ்தாந்தரின் வழித்தோன்றல்கள். உலகப்போரின்போது தப்பிவந்த யூதர்களை, குழந்தைகள் பலர் உட்பட, அவ்வூராரும் சுற்றயலாரும் வீடுகளிலும் பண்ணைகளிலும் விடுதிகளிலும் மறைத்துக் காத்தனர். ஊர்ப் போதகர் அந்திரே துரொக்மே 1943இல் சில வாரம் தடுப்புமுகாமில் வைக்கப்பட்டார். அவருடைய உறவினரும் ஆசிரியருமான தானியேல் துரொக்மே, தப்பியோடாது தம் மாணவருடன் கைதாகி, 1944இல் மைதானெக் வதைமுகாமில் உயிர்நீத்தார். ஏன் இவ்வாறு செய்தீர்கள் என்று பின்னாளிற் கேட்டவர்களை அவ்வூரார் வியப்போடு நோக்கினர். கதவைத் தட்டியவருக்குக் கதவைத் திறந்தோம் என்பதற்குமேல் விளக்கம் எதுவும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

அப்படியாயின் வேதம் எதற்கு, நற்செயலே போதாதா என்று நம்முட் சிலர் கேட்கலாம். லெ ஷம்போன் மக்களும் வேதத்தை ஊன்றிப் படித்தவர்களே. தாம் வேட்டையாடப்பட்ட நினைவோடு அதைப் படித்தார்கள் என்பதே வேறுபாடு. கிற்றெல் நூலை விசாரித்தார்; இவர்களையோ நூல் விசாரித்தது.

நல்ல சமாரியனின் கதை எழுந்த சூழலும் இதுவே. ‘எனக்குப் பிறன் யார்?’ என்று கேட்டவன் நியாயசாஸ்திரி; வேதம் தெரிந்தவன். எல்லையை அறிய விரும்பிய கேள்வி அது. காயமுற்றவனைக் கண்டும் விலகிப்போன ஆசாரியனும் லேவியனும் வேதம் தெரிந்தவர்கள்தாம். கதை முடிவில் இயேசு கேள்வியையே திருப்பிவிடுகிறார்: காயமுற்றவனுக்குப் பிறனாக நடந்துகொண்டவன் யார்? இப்போது சோதிக்கப்படுபவன் கேட்டவனே.

ஆசிரியராகிய நமக்கு இக்கேள்வி புறத்தே நிற்பதன்று. இக்கதையைப் பிழையின்றி எழுதும் மாணவனுக்கு நாம் முழுப் புள்ளி வழங்குகிறோம். ஆனால், யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஒருசார் பிள்ளைகளுக்கு வாங்கில் இடமின்றித் தரையில் இருக்கவேண்டிய காலமொன்று இருந்தது. வேதபாடம் நடந்த வகுப்புகளும் இதற்கு விலக்கல்ல. கதையைச் சொல்லிக்கொடுத்தவரின் கண்முன்னே அப்பிள்ளை தரையில் இருந்தது.

வேதத்தை நம்பாத முற்போக்காளரும் இதிலிருந்து தப்பமுடியாது. சமத்துவத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தனிக் குவளை வைத்திருப்பவன் கிற்றெலின் மாணவனே. நாம் எதை நம்புகிறோம் என்பதற்கு நம் நூலறை சான்றாகாது. நம் வாசலில் யார் தயங்காமல் நுழைய முடிகிறது என்பதே சான்று.