இரக்கமும் ஐயமும்

துன்புறும் உயிரைக் கண்டவிடத்து இரங்குதல் அறம் என்பதை மறுப்பார் இலர். ஆயின், தான் செய்வது நன்மையே என உறுதியாக நம்பி, அந்நம்பிக்கையைச் சோதித்தறிய மறுக்கும் இரக்கத்தையும் அறம் எனலாமா? குறைமாதத்திற் பிறந்த மகவுகளுக்கு ஒட்சிசன் அளித்த வரலாற்றை நோக்குமிடத்து இவ்வினாவைத் தவிர்க்க இயலாது.

1940களில் மேலைநாட்டு வைத்தியசாலைகளில் இத்தகைய குழந்தைகள் இன்கியுபேற்றர் எனும் பெட்டிகளுள் வைக்கப்பட்டனர். அவர்களுக்கு ஒட்சிசன் தாராளமாக அளிக்கப்பட்டது. நீலம் பாரித்த மேனி செந்நிறம் பெறுவதைக் கண்ணாற் கண்ட எவர்க்கும் அதன் நன்மையில் ஐயம் எழவில்லை. 1942 இல் பொஸ்ரன் நகரத்துக் கண் வைத்தியர் தியோடோர் ரெறி, குறைமாதக் குழந்தைகளிடத்தே அதுகாறும் அறியப்படாத ஒரு குருட்டுத்தன்மையை எடுத்துக்காட்டினார். அடுத்துவந்த பத்தாண்டு காலத்தில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இதனாற் பார்வையிழந்தனர். வசதி மிக்க வைத்தியசாலைகளிலேயே இந்நோய் மிகுந்திருந்தமை கவனிக்கத்தக்கது. ஒட்சிசன் மிகையால் முதிராத விழித்திரையின் குருதிக்கலன்கள் சுருங்கிப் பின்னர் ஒழுங்கின்றிப் பெருகுகின்றன என்பது அன்று தெளிவாகியிருக்கவில்லை. 1951 இலேயே மெல்பேர்ண் நகரின் வைத்தியரான கேற் காம்பெல் ஒட்சிசன் மீது ஐயங்கொண்டு எழுதினார்.

அதே காலத்தில் வாஷிங்ரனிலுள்ள கலிஞ்சர் வைத்தியசாலையில் ஆர்னல் பற்ஸ் என்பவரும் அவருடைய சக வைத்தியரும் ஓர் ஆய்வினை மேற்கொண்டனர். ஒரு குழுவினர்க்கு வழக்கம் போல மிகுதியான ஒட்சிசன். மற்றக் குழுவினர்க்குத் தேவைக்கு மட்டும். ஆனால் இரவு வேளைகளில் தாதியர் சிலர், இரண்டாங் குழுவினர்க்குரிய ஒட்சிசனையும் கூட்டிவிட்டனர். குழந்தைகளுக்கு மூச்சை மறுப்பது கொடுமை என அவர்கள் நம்பினர்.

இத்தாதியரை எவ்வாறு மதிப்பிடுவது? அவர்களை அறியாமையின் உருவாகக் காட்டி நகைப்பது எளிது, அது நியாயமன்று. ஆய்வாளரின் கண் இனிப் பிறக்கவிருக்கும் குழந்தைகள் மீதிருந்தது. தாதியின் கண் எதிரே கிடந்த குழந்தையின் மீதிருந்தது. மனிதரை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்ற கான்ற்றின் கோட்பாட்டைத் தாதியின் பக்கம் நின்று எடுத்துரைக்கவும் கூடும். எனினும், ஒன்றை மறத்தலாகாது. அவர்கள் செய்ததும் ஒரு பரிசோதனையே. பதிவேதுமின்றி, முடிவை எவரும் அறிய வழியில்லாதவாறு செய்யப்பட்ட பரிசோதனை. உலகமெங்கும் வைத்தியர் அதனையே பகலில், நல்லெண்ணத்துடன், ஆண்டுக்கணக்காகச் செய்துகொண்டிருந்தனர்.

1953–54 இல் ஐக்கிய அமெரிக்காவின் 18 வைத்தியசாலைகள் ஒன்றிணைந்து, 786 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு ஐயத்தைத் தீர்த்தது. ஒட்சிசன் மட்டுப்படுத்தப்பட்டது, குருடும் வெகுவாகக் குறைந்தது. அறிவு வென்றது எனக் கதையை இங்கு முடித்துவிடலாம். ஆனால் அவ்வாய்வில் பிறந்து 48 மணித்தியாலங்கள் உயிர்தரித்த குழந்தைகளே சேர்க்கப்பட்டிருந்தனர். முதலிரு நாட்களில் இறந்தோர் அதன் கணக்கில் வாரார். இருந்தும், அதன் முடிவு முதல் மணித்தியாலத்திற்கும் விதியாக்கப்பட்டது. தடுக்கப்பட்ட ஒவ்வொரு குருட்டுக்கும் ஏறத்தாழப் 16 குழந்தைகள் உயிரிழந்திருக்கலாம் என 1973 இல் கெனத் குறொஸ் மதிப்பிட்டார். தாதியரின் அச்சம் முற்றிலும் வீணானதன்று. சோதனை தவறன்று, சோதித்த எல்லைக்கு அப்பாலும் அதே உறுதியுடன் சென்றமையே தவறு.

இனி, கண்ணையும் உயிரையும் ஒரே தராசில் இடுதற்குரியவர் யாவர்? 2005 தொடக்கம் 2009 வரை ஐக்கிய அமெரிக்காவில், கருவில் 28 வாரம் நிறையாது பிறந்த 1316 குழந்தைகள் எழுமாறாக இரு குழுக்களாக்கப்பட்டனர். குருதியின் ஒட்சிசன் நிறைவு ஒரு குழுவினர்க்கு 85–89 வீதமாகவும் மற்றக் குழுவினர்க்கு 91–95 வீதமாகவும் பேண முயலப்பட்டது. குறைந்த அளவு பெற்றோருள் இறந்தோர் 19.9 வீதம், மிகுந்த அளவு பெற்றோருள் 16.2 வீதம். கடும் விழித்திரை நோயோ, உயிர்தப்பியோருள் முறையே 8.6, 17.9 வீதமாயிற்று. பெற்றோரின் சம்மதம் பிரசவத்திற்கு முன்னரே பெறப்பட்டது. அச்சம்மதப் பத்திரங்கள் ஆபத்துகளைத் தெளிவாக உரைக்கவில்லை என 2013 இல் அந்நாட்டு அரசின் மேற்பார்வை அலுவலகம் கண்டித்தது. இரு அளவுகளும் வழக்கிலிருந்தவையே, ஆகவே புதிதாக எவ்வித ஆபத்தும் விளைக்கப்படவில்லை என வைத்தியர் பலர் மறுத்துரைத்தனர். இவ்வாதத்தை முழுமையாக ஏற்றல் கடினம். வழக்கிலிருந்தது என்ற சான்று 1940களின் வைத்தியரிடமும் இருந்தது. தன் மகவு எக்குழுவைச் சேரும் என்பதை வைத்தியரின் நிதானமன்றிக் குலுக்கலே தீர்மானிக்கும் என்பதைத் தாய் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். அறிந்தபின் அவள் மறுப்பாளாயின், அம்மறுப்பும் மதிக்கப்படல் வேண்டும்.

இன்று இத்தகைய குழந்தைகளுக்கு உயர்ந்த அளவையே பல வைத்தியசாலைகள் கைக்கொள்கின்றன. அதனாற் கண்ணுக்கு நேரக்கூடிய கேட்டினை அறிந்தே ஏற்றுக்கொண்டு, பிறந்து சில வாரங்கள் கழிந்ததும் ஒவ்வொரு குழந்தையின் விழித்திரையும் மீண்டும் மீண்டும் பரிசோதிக்கப்படுகின்றது.