அச்சம் எதுவரை நியாயம்?



நோய் தீர்ந்து எழுந்தவனைப் பார்த்து, "பரிசோதனையில் இன்னும் கிருமி தெரிகிறதே" என்று அயலார் விலகி நிற்பது நியாயமா? 2020-ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் தென் கொரியாவில் இக்கேள்வி எழுந்தது. குணமடைந்தபின் மறுபடியும் கிருமி காட்டிய 285 பேரையும், அவர்களோடு பழகிய 790 பேரையும் அந்நாட்டு நோய்த்தடுப்பு அதிகாரிகள் ஆராய்ந்தனர். அவர்களால் நோய் பரவியதற்குச் சான்று கிடைக்கவில்லை. காரணம், மடிந்த கிருமியின் துணுக்குகளையும் அச்சோதனை காட்டிவிடும். அணைந்த அடுப்பிலும் சாம்பல் கிடக்குமன்றோ?

தொற்றும் நாட்களில் விலகியிருப்பது நம் கடமை, அது பிறர்சிநேகமே. ஆனால் அணுவளவும் ஐயமற்ற நிச்சயத்தை மனிதர் எக்காரியத்திலும் அடைவதில்லை. விவேகமுள்ளவன் செயல்படப் போதுமான நிச்சயம் உண்டு. நம்மிடம் கேட்கப்படுவது அவ்வளவே. அவ்வருடம் மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனமும், மறுசோதனை இன்றியே, கழிந்த நாட்களையும் நோய்க்குறிகளையும் கணக்கிட்டு நோயாளியை விடுவிக்கலாம் என்றது.

மருத்துவர் விடுவித்த பின்னும் ஒருவனுக்கு வேலையையும் வீட்டு வாசலையும் மறுப்பது அநீதியாகும். நோயில் தனித்திருந்து உங்களைக் காத்தவன் அவன். இப்போது அவனை அழைத்து அருகில் அமர்த்துவது உங்கள் முறை.