ஓடும்போதே ஏறிக்கொள்வது

2008 நவம்பர் 11. குயீன் எலிசபெத் 2, செல்லமாக க்யூஇ2, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து கடைசி முறையாகக் கிளம்பிய நாள். அன்று காலை துறைமுகத்துக்கு வரும் வழியிலேயே மணல்திட்டில் தட்டி நின்றது. இழுவைப் படகுகள் வந்து விடுவித்தன. போக மனசில்லையோ என்னவோ. மாலை கிளம்பி, நவம்பர் 26 அன்று துபாய் வந்து சேர்ந்தது.

முதல் பயணம் 1969இல். அதில் தேனிலவு போன ஜோடி 2008இல் பேரனோடு ஏறியிருக்க முடியும். அதே டெக்கில் தாத்தா பேரனை நடத்திக் கூட்டிப்போயிருப்பார். பாட்டி, ‘எங்க காலத்துல இந்த இடத்துல...’ என்று ஆரம்பித்திருப்பார். சரி, இவர்கள் எதற்கு விடைகொடுத்தார்கள்? கப்பல் சாகவில்லையே. துபாயின் ரஷீத் துறைமுகத்தில் இன்றும் நிற்கிறது, 2018 முதல் ஹோட்டலாக.

1986-87இல் அதன் நீராவி டர்பைன்களைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின்களை வைத்தார்கள். இதயத்தையே மாற்றியும் அது அதே கப்பல்தான் என்றார்கள். துபாயில் ஓட்டத்தை மட்டும் எடுத்தார்கள். எல்லாம் போய்விட்டது என்றார்கள். எங்கள் மென்பொருள் துறையில் ‘ரீட்-ஒன்லி’ என்போம். உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கும், புதிதாக ஒரு வரி சேர்க்க முடியாது.

போன வருஷம் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் துபாய் வந்தபோது அங்கே கூட்டிப்போனேன். அப்பா கைப்பிடிக் கம்பியைத் தட்டிப் பார்த்தார். “நல்லாத்தான் வச்சிருக்காங்க. அப்பப்ப ஒரு ரவுண்டு விடக்கூடாதா?”

“உங்க ஸ்கூட்டர் மாதிரியா?” என்றாள் அம்மா.

அந்த ஸ்கூட்டரை விற்றுவிடலாமா என்று நானும் தம்பியும் ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவருக்கு 71 வயது. பஜார் ரோட்டில் லாரிகள். எங்கள் வாதத்தில் ஓட்டையே கிடையாது.

நிறுத்திவைத்துக் காப்பாற்றுவதும் அன்புதான் என்பார்கள். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ‘பிரான்ஸ்’ என்று பிறந்து ‘நார்வே’ என்று பெயர் மாறிய இன்னொரு பெரிய கப்பல், 2006இல் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு வந்து துண்டு துண்டானது. அதைவிட ஹோட்டல் மேல்தான். ஆனால் கப்பலுக்கு அபிப்பிராயம் கிடையாது. அப்பாவுக்கு உண்டு. தனக்கு எது ஆபத்து என்று அவருக்கும் தெரியும். தெரிந்தே ஒருவர் செய்ய விரும்புவதை, அவர் நமக்கு வேண்டும் என்பதற்காக நிறுத்த நமக்கு உரிமை உண்டா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். நடுராத்திரி போன் அடித்தால் இதே உறுதி இருக்குமா, அது வேறு விஷயம்.

கடைசிப் பயணம் போனவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. தேதி முன்னாலேயே தெரிந்திருந்தது. கப்பல் ஓடும்போதே ஏறிக்கொண்டார்கள். அப்பா கடைசியாக வண்டி எடுக்கப்போகும் நாளை யாரும் அறிவிக்கப்போவதில்லை.

டிசம்பரில் ஊருக்குப் போகிறேன். காலையில் காய்கறி வாங்க அவர் கிளம்பும்போது பின்சீட்டில் நான். ரெண்டு பேருக்கும் ஹெல்மெட் இருக்கிறதா என்று அம்மா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.