யார் வீரர்?

1703-இல் தலைவனுக்காகப் பழிதீர்த்த சாமுராய்களை, 144 ஆண்டுகள் கழித்தே ஜப்பானிய ஓவியர் குனியோஷி மரஅச்சுப் படங்களாக்கினார். போரற்ற அக்கால நகரவாசிகளுக்கு வாள்வீச்சு ஒரு கனவு. நம் நடுகல் வேறு வகை: தமிழ்நாட்டின் எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டுக் கல்லொன்று, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரையும் சொல்கிறது. கோலார் வட்டாரத்திலும் வீரக்கற்கள் உண்டு. இவையும் சண்டையைத்தானே போற்றுகின்றன எனலாம். உண்மைதான், ஆனால் ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு நட்ட கல், வெட்டியதைவிடக் காத்ததையே பெரிதாகச் சொல்கிறது. பிறர் வாழத் தன்னுயிர் தருவதே அளவுகோல் என்றால், 2001-இல் மூடப்பட்ட கோலார் தங்கவயலின் ஆழத்தில், பாறை வெடித்து மாண்ட தொழிலாளரும் வீரரே. நாய்க்கும் பெயர் பொறித்த மரபு, அவர்கள் பெயரை மறக்கலாகாது.