அறியாமற் செய்த உபகாரம்

உபகாரம் செய்தவரிடத்தில் நன்றி பாராட்டுதல் கடமை என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால், உபகாரம் செய்கின்றோம் என்ற நினைவே இல்லாத ஒன்றினிடத்தும் அக்கடமை உண்டோ? அன்பர்கள் இவ்வினாவைச் சற்றே சிந்திக்க வேண்டும். அதற்கு விண்மீன்களின் வரலாறு பெரிதும் துணை செய்கின்றது.

பிரபஞ்சம் தோன்றி ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் ஆயின என்பர் வானநூலார். தொடக்கத்தில் இருந்தவை ஹைட்ரஜனும் ஹீலியமும், மிகச் சிறிதளவு லித்தியமுமே. கரி இல்லை; பிராணவாயு இல்லை; குருதியிற் கலந்த இரும்பும் இல்லை. இவற்றைச் சமைத்த உலைகள் விண்மீன்களே. மூன்று ஹீலிய அணுக்கருக்கள் கூடிக் கரியாகும். அதனோடு மற்றொன்று சேரப் பிராணவாயுவாகும். பேருருவ மீன்களில் இவ்விணைப்பு இரும்பு வரையிற் சென்று நின்றுவிடும். அதற்குமேல் இணைப்பினால் வெப்பம் கிட்டாது. தாங்கும் ஆற்றல் இன்றி நடுப்பகுதி இடிந்து விழ, மீன் வெடித்துச் சிதறும். பொன்னின் கதை வேறு. நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதியது 2017ஆம் ஆண்டில் காணப்பட்டபோது, பொன் போன்ற கனத்த தனிமங்கள் அங்கே பிறப்பதற்கான சான்று கிடைத்தது.

தனிமங்கள் விண்மீன்களில் உண்டாகும் முறையை 1957இல் விரித்துரைத்தோர் பர்பிட்ஜ் தம்பதியர், பௌலர், ஹாயில் என்னும் நால்வர். 1983இல் நோபல் பரிசைப் பௌலரும் நம் சுப்பிரமணியன் சந்திரசேகரும் பகிர்ந்து கொண்டனர். வழிகாட்டிய ஹாயிலுக்கு அது கிட்டவில்லை. அறிந்து செய்த உதவியை அளப்பதிலேயே மனிதர் இவ்வாறு தடுமாறுகின்றனர்!

"எண்ணமில்லாத இடத்தில் நன்றிக்கு இடமேது?" என்று வினவுவாரது வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. 2014இல் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் மலையிலிருந்து கண்டறிந்து அறிவித்த தொன்மையான மீன் ஒன்றில், ஞாயிற்றில் உள்ள இரும்பில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை; கரி மட்டும் ஓரளவு உண்டு. அதற்கு முன் மடிந்த ஒரு மீன், மேலடுக்கிலிருந்த கரியை வெளியே வீசிவிட்டு, இரும்பைத் தன் கருந்துளைக்குள்ளேயே விழுங்கியிருத்தல் வேண்டும் என்பது அறிஞர் தரும் விளக்கம். இதனை வள்ளன்மை என்பதா, உலோபம் என்பதா? இரண்டும் பொருந்தா. மீனைப் போற்றுவதில் பொருளில்லை என்பதை யான் ஒப்புகின்றேன்.

ஆயினும், கொடுத்ததற்கு எண்ணமில்லை என்று கடனைத் தள்ளுவோர், பெற்றதற்குத் தமக்கு என்ன தகுதி இருந்தது என்பதையும் கூற வேண்டுமன்றோ? உழைத்தோம், விலை கொடுத்தோம் என்று சொல்ல வழியில்லை. நம் உடலில் உள்ள இரும்பு மூன்று நான்கு கிராம் இருக்கும். "என்னுடையது" என்று நாம் அதனை வைத்திருப்பது சில பத்தாண்டுகள். பின்னர் அது மண்ணிற் கலக்கும். நெல்லின் வேரோ புல்லின் வேரோ அதனை ஏற்கும். அதனை உண்ணப் போகின்றவர் யாவர் என்பதை நாமும் அறியோம்.